பாண்டவர் குழியும் டிப்பர் லாரியும்

திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாசகி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். உள்ளங்கையில் மூன்று பானை ஓடுகள். அளவு தெரியட்டும் என்று பக்கத்திலேயே ஒரு ஐந்து ரூபாய் நாணயம். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இதைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லலாமா, இல்ல பேசாம இருந்துடட்டுமா?"

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி மாமியார் விவகாரம், மீதி பிள்ளைகளின் செல்போன் விவகாரம். பானை ஓட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. உடனே கூப்பிட்டேன்.

எழுபது சென்ட் புன்செய். மழைக்கு வேர்க்கடலை போடுகிறார்கள். நிலத்தின் மேற்கு மூலை கொஞ்சம் மேடாக இருக்கும். அங்கே ஏர் ஓட்டினால் வருஷா வருஷம் ஓடு கிளம்புமாம். அந்த மூலைக்கு வீட்டில் 'பாண்டவர் குழி' என்றே பெயர். மாமனார் மட்டும் தெலுங்கில் 'பாண்டவ குள்ளு' என்பாராம். எல்லைப்புற ஊர் அல்லவா! 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி. போராடி வாங்கிக் கொடுத்த ஊர்.

"கம்பெனி வருதாம் அக்கா. சோளிங்கர் ரோட்டு பக்கம் மொத்தமா நிலம் கேக்குறாங்க. என்ன கம்பெனின்னு கேட்டா, 'பெரிய கம்பெனி'ங்கறாரு புரோக்கரு. அவருக்கே தெரியுமோ என்னமோ. எங்க வீட்ல, 'பானை கீனைன்னு வாயத் தொறந்தா சர்க்கார்ல வந்து நிலத்த எடுத்துக்குவான், பத்திரம் பதிய விடமாட்டான், பொண்ணு காலேஜ் பீஸுக்கு எங்க போறது'ன்னு சத்தம் போடுறாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அவர் கணவர் போடும் சத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் பதிலை நேராகச் சொல்லாமல் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூன்று ஓடுகள். இரண்டு சாதாரணச் சிவப்பு. போன தலைமுறைப் பானையாகவும் இருக்கலாம். மூன்றாவதுதான் என்னைப் போன் எடுக்க வைத்தது. வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு. இதைக் கறுப்பு-சிவப்புப் பானை என்பார்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படாத உள்பக்கம் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிடும். தமிழ்நாட்டில் இரும்புக் காலத்து ஈமக்காடுகளிலும், அதையொட்டி வந்த ஊர்களிலும் இந்த வகை நிறையக் கிடைக்கிறது. ஒரு படத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் மேடும், ஓடும், 'பாண்டவர்' என்ற பெயரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தொல்லியல் படித்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். யார் கட்டியது என்று தெரியாத பழைய கல் வட்டத்தையும் புதைகுழியையும் நம் ஜனங்கள் பஞ்சபாண்டவர் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். வனவாசத்தில் அவர்கள் படுக்காத ஊரே கிடையாது.

இந்த மண்ணின் வயதைத் தெரிந்துகொண்டால் அந்த வாசகிக்கு மனசு கேட்காமல் போனதன் காரணம் புரியும்.

1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது ஆங்கிலேயர் பல்லாவரத்தில் ஒரு குழிக்குள் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. எந்த ஊரில் என்ன பாறை, என்ன கனிமம் என்று கணக்கெடுப்பது அவர் தொழில். அந்தக் குழி சரளை எடுப்பதற்காக யாரோ வெட்டியது. அதில் மனிதக் கை பட்டுச் செதுக்கிய ஒரு கல் கிடைத்தது. இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதல் சாட்சி அதுதான். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, அவரும் வில்லியம் கிங் என்ற சக அதிகாரியும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்து ஓடையில் குவியலாகக் கைக்கோடரிகளைக் கண்டார்கள். உலகத்தின் தொல்லியல் பாடநூல்களில் 'மதராஸ் கைக்கோடரி' என்ற பெயர் ஏறியது இந்த வட்டாரத்தால்தான்.

அதே அத்திரம்பாக்கத்தில் 1999-லிருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அகழாய்வு செய்தார்கள். சுமார் ஒன்பது மீட்டர் ஆழம் வரை போனார்கள். அங்கே கிடைத்த பழைய கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. மேலடுக்கில் இருந்த 7,000-க்கும் மேற்பட்ட சிறிய கருவிகளை ஆராய்ந்து, அந்தப் புதிய தொழில்நுட்பம் இங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனிதர்கள் எப்போது எங்கே பரவினார்கள் என்ற உலகக் கணக்கையே திருப்பிப் பார்க்க வைத்த கட்டுரை அது.

இதெல்லாம் கொசஸ்தலை ஆற்றங்கரையின் கதை. அதே ஆறுதான் ஆந்திர எல்லையில் இறங்கி, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கமாக நனைத்துக்கொண்டு பூண்டிக்குப் போகிறது. நடுவில், திருத்தணியிலிருந்து திருவள்ளூர் போகும் சாலையில் பட்டறைப்பெரும்புதூர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு டோல்கேட் ஊர். அங்கே மாநிலத் தொல்லியல் துறை 2015-16-இல் தோண்டியபோது கற்கருவிகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சுடுமண் உறை கிணறு என்று ஒரே ஊரில் கற்காலத்திலிருந்து வரலாற்றுக் காலம் வரை அடுக்கடுக்காகக் கிடைத்தது.

கே.ஜி.கண்டிகைக்கு இன்னும் நெருக்கமாக வேலஞ்சேரி. அங்கே 1977-இல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. ஒன்று பல்லவ அபராஜிதன் காலத்தது, மற்றொன்று பராந்தக சோழன் காலத்தது. அப்போது மாநிலத் தொல்லியல் துறையின் தலைமையில் இருந்த இரா.நாகசாமி அவற்றைப் படித்துப் பதிப்பித்தார். பல்லவச் செப்பேடு பேசுவது திருத்தணி முருகனுக்கு விட்ட கொடையைப் பற்றி. நாம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து ஏறுகிற மலைக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ரசீது அது. எடுத்தவர் பழைய பாத்திரக்காரருக்கு எடைக்குப் போட்டிருந்தால் இந்த ரசீது நமக்கு இல்லை.

இனி டிப்பர் லாரி விஷயம். என்னைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம் இதுதான்; அதிகம் பேசப்படாததும் இதுதான்.

ஃபூட் அந்தக் கல்லை எடுத்தது சரளைக் குழியில் என்று சொன்னேன் இல்லையா? அது தற்செயல் இல்லை. நம் வட்டாரத்தில் கற்கருவிகள் பெரும்பாலும் அந்தச் செம்மண் சரளை அடுக்கில்தான் இருக்கின்றன. கூழாங்கல்லும் இரும்புச் சத்துள்ள செம்மண்ணும் சேர்ந்து இறுகிய அடுக்கு அது. இன்றைக்கு நாம் அதை என்ன பெயரில் அழைக்கிறோம்? கிராவல். ரோடு போட, பள்ளம் நிரப்ப, கம்பெனி வளாகத்தை மேடாக்க, எல்லாவற்றுக்கும் கிராவல் வேண்டும். சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கமாக வருகிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரை சென்னை வெளிவட்டச் சாலை வருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகள் நிரம்பிவிட்டதால் புதிய தொழிற்பேட்டைகள் இந்தப் பக்கம் நகர்கின்றன. இத்தனைக்கும் மண் எங்கிருந்து வரும்? ஏரிச் சவுடும் குன்றடிவாரத்துக் கிராவலும்தான்.

அதாவது, லட்சக்கணக்கான வருஷத்துக் கற்கருவிகள் எந்த அடுக்கில் படுத்திருக்கின்றனவோ, அந்த அடுக்கைத்தான் பொக்லைன் வைத்து அள்ளி லாரியில் ஏற்றுகிறோம். ஆலை வரும் நிலத்தை யாராவது ஆய்வு செய்தால்கூட, அந்த ஆலைக்கு மண் கொடுத்த குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழி வேறு ஊரில் இருக்கும். வேறு குத்தகைதாரர். வேறு கோப்பு. ஆனால் அழிவு அங்கேதான் அதிகம். ஆலை நிலத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்டுவதைவிட மண் குவாரியில் பல மடங்கு ஆழமாகவும் அகலமாகவும் தோண்டுகிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இருக்கிறது, ஆனால் ஒரு பெரிய ஓட்டையோடு.

மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் ஒரு திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்களே, அதன் பக்கத்தில் பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனால் அந்தத் திட்டத்துக்குத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நல்லது. சட்டம் வேலை செய்தது. ஏன் செய்தது? அந்த ஈமக்காடு ஏற்கெனவே பட்டியலில் இருந்ததால்.

தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை 400-க்கும் சற்று மேல். நம் வாசகியின் வேர்க்கடலைக் காடு அதில் இல்லை. எந்த வேர்க்கடலைக் காடும் இல்லை. பெரிய ஆலைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்திலும் கேள்வி உண்டு: 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி இருக்கிறதா? 'இல்லை' என்று எழுதினால் அது உண்மையாகவே இருக்கும். இன்னும் யாரும் போய்ப் பார்க்காத இடம் எப்படிப் பாதுகாக்கப்பட்ட இடமாக இருக்கும்? பெண் பார்க்காமலேயே 'பொருத்தமில்லை' என்று எழுதி ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவது மாதிரி.

நம் நாட்டில் முன்கூட்டிப் பார்த்த உதாரணமே கிடையாதா என்றால், இருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் நாகார்ஜுனகொண்டா. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்ட முடிவானதும், அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க மூழ்கப் போகிறது என்று தெரிந்து, மத்தியத் தொல்லியல் துறை 1954-லிருந்து 1960 வரை அங்கே தோண்டியது. கற்காலக் கருவிகள் முதல் இக்ஷ்வாகு மன்னர்கள் காலத்துப் பௌத்த விகாரங்கள் வரை பதிவு செய்தார்கள். முக்கியமான கட்டுமானங்களைக் கல் கல்லாகப் பிரித்து, தண்ணீருக்கு மேலே நிற்கப்போகும் ஒரு குன்றின் உச்சியில் திரும்பக் கட்டினார்கள். இன்று அந்தக் குன்று ஒரு தீவு. படகில் போய்ப் பார்க்கலாம். காசு இல்லாத காலம் அது. சாப்பாட்டுக்கே கோதுமை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு ஆறு வருஷம் ஒதுக்கியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பூண்டி ஏரி கட்டியபோது திருவெண்பாக்கத்து ஊன்றீஸ்வரர் கோயில் மூழ்கும் நிலை வந்தது. சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் தலம். கோயிலை வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். இன்றும் பூஜை நடக்கிறது. 1944-இல் முடிந்த ஏரி அது. கோபுரமும் சாமியும் கண்ணுக்குத் தெரிந்ததால் மாற்றினோம். அதே தண்ணீருக்கடியில் வெறும் மேடாகவும் ஓடாகவும் என்னவெல்லாம் இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. பெயர் இல்லாத பாட்டன் பாட்டிகளுக்காக யார் வழக்காடுவார்கள்?

இந்த இடத்தில் ஜப்பானை இழுக்காமல் இருக்க முடியவில்லை. கியூஷு தீவில் சாகா என்ற மாகாணம் ஒரு தொழிற்பேட்டை அமைக்கத் திட்டம் போட்டது. இடத்தின் பெயர் யோஷினோகரி. அங்கே மண்ணைத் தொடுவதற்கு முன் அகழாய்வு செய்யவேண்டும் என்பது நடைமுறை. பொதுவாக அந்தச் செலவும் கட்டப்போகிறவர் தலையில்தான். 1986-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். அகழி சூழ்ந்த ஒரு பெரிய பழங்கால ஊரே வெளிவந்தது. கூடவே 2,000-க்கும் மேற்பட்ட தாழிகள். ஆமாம், நம் ஆதிச்சநல்லூர் மாதிரியே இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 1989-இல் செய்தி வெளியானதும் ஜனங்கள் அலை அலையாகப் பார்க்க வந்துவிட்டார்கள். மாகாண அரசு தொழிற்பேட்டைத் திட்டத்தையே அந்த இடத்தில் கைவிட்டது. 2001-இல் அது வரலாற்றுப் பூங்காவாகத் திறந்தது.

உடனே, 'அப்படியானால் ஆலையே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இன்னொரு கண்டிகை இருக்கிறது, தேர்வாய்கண்டிகை. அங்கே சிப்காட் வந்தபோது மேய்ச்சல் நிலம் போகிறதே என்று ஊர் ஜனங்கள் போராடினார்கள். இன்று மிஷெலின் டயர் ஆலை அங்கே ஓடுகிறது. இழந்ததையும் பெற்றதையும் கூட்டிக் கழிக்க அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் உரிமை. நம் வாசகியின் மகளுக்குப் படிப்பு முடிந்ததும் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். யோஷினோகரி மாதிரி எங்கோ ஒரு இடத்தில்தான் திட்டத்தையே நிறுத்த வேண்டிவரும். மற்ற இடங்களில் எடுத்துப் பதிவு செய்துவிட்டுக் கட்டலாம், அல்லது பூங்காவையும் வண்டி நிறுத்துமிடத்தையும் அந்த மூலைக்கு மாற்றலாம். பார்த்தால்தானே எது எது என்று தெரியும்!

பார்ப்பது என்ன பெரிய வேலையா? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நூறு ஏக்கர் என்பது சுமார் நான்கு லட்சம் சதுர மீட்டர். பத்து மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடந்தால் மொத்தம் நாற்பது கிலோமீட்டர் நடை. எட்டுப் பேர் நடந்தால் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர். தரையைப் பார்த்துக்கொண்டு, நின்று நின்று, கிடைத்ததைப் படம் எடுத்து, செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு போனால்கூட ஓரிரு நாளில் முடிந்துவிடும். இதற்குத் தரை ஆய்வு என்று பெயர். உழுத பிறகு ஒரு மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. மண் கழுவி ஓடு பளிச்சென்று தெரியும். ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் பாதி வேலை மிச்சம். எந்த மேட்டில் சாம்பல் மண், எங்கே இரும்புக் கசடு, எந்தப் பாறையில் சதுரமாக நட்ட கல் என்று அவர்களுக்கு அத்துப்படி. 'நத்தமேடு', 'பாண்டவர் குழி' மாதிரிப் பெயர்களைக் கேட்டால் பேனாவை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதன்பிறகு சந்தேகப்படும் இடத்தில் மட்டும் சிறிய சோதனைக் குழி.

நிலம் வாங்கும் கம்பெனி வேறு என்னென்ன பார்க்கிறது? மண் பரிசோதனைக்கு ஆள் வருகிறார். நிலத்தடி நீருக்கு ஆள் வருகிறார். வாஸ்துவுக்கும் ஆள் வருகிறார், சத்தியமாக. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போடுகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்து வில்லங்கத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் குடி முழுகிவிடாது. நிலம் வாங்குவதற்கு முன் அந்த நிலத்துக்கும், குத்தகை கொடுப்பதற்கு முன் அந்த மண் குவாரிக்கும் தரை ஆய்வு அறிக்கை கட்டாயம், செலவு கட்டப்போகிறவருடையது என்று ஒரு விதி இருந்தால் போதும்.

அப்படி ஒரு விதி இருந்திருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதுதான் என் ஆதங்கம். இன்று பழையதைக் காப்பாற்றும் பாரம் முழுக்க எழுபது சென்ட் வைத்திருக்கிற ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறது. சொன்னால் அவருக்கு நஷ்டம் வரலாம் என்ற பயம்; சொல்லாவிட்டால் மனசு உறுத்தல். வாங்குகிற கம்பெனிக்கோ, தரகருக்கோ, மண் அள்ளும் குத்தகைதாரருக்கோ இந்த உறுத்தல் கிடையாது, ஏனென்றால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

இனி அவர் கேட்டதற்குப் பதில். போனில் அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் தேவைப்படலாம்.

பானை ஓடு கிடைத்தது என்று தெரிவித்த உடனே யாரும் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வதில்லை. கீழடியில் முதல் கட்ட அகழாய்வுகள் தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர்களின் சம்மதத்தோடுதான் நடந்தன. முடிந்ததும் குழிகளை மூடி நிலத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் பூசி மெழுக மாட்டேன். மிக முக்கியமான இடம் என்று முடிவாகி, பாதுகாக்கப்பட்ட இடமாக அரசு அறிவித்தால், அங்கே தோண்டவும் கட்டவும் கட்டுப்பாடு வரும். விற்கிற விலையில் அது தெரியும். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது அதற்குத்தான். கற்பனை இல்லை. அப்படி அறிவிக்கப்படும் இடங்கள் மிகச் சில என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஓடு வேறு, புதையல் வேறு. காசு, நகை, சிலை, செப்பேடு மாதிரி ஏதாவது கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிடும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத சங்கதி: தெரிவித்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் அந்தச் சட்டத்தில் பங்கு உண்டு. மறைத்தால் பங்கும் போய், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. ஆகவே அதில் யோசிக்கவே வேண்டாம்.

ஓடுகளை இன்னும் தோண்டித் தேடாதீர்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பதுதான் அதன் மதிப்பு. பிடுங்கி எடுத்து அலமாரியில் வைத்தால் அது வெறும் ஓடு. இந்த வட்டாரத்து ஈமக்குழிகளில் சுடுமண்ணால் செய்த நீளப் பெட்டிகள் கிடைப்பதுண்டு, அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கால்கள் வைத்திருப்பார்கள். அப்படி ஏதாவது விளிம்பு தட்டுப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். கிடைத்த இடத்தின் சர்வே எண், படங்கள், பக்கத்தில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒன்று, திருத்தணி தாசில்தாருக்கு ஒன்று அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் மட்டும் எழுதினா, நான்தான் காட்டிக் குடுத்தேன்னு ஊர்ல பேசுவாங்க அக்கா" என்றார். அதற்கும் வழி இருக்கிறது என்றேன். தனி ஆளாக எழுதாமல், கிராம சபையில் ஒரு தீர்மானமாக வைக்கலாம்: எங்கள் ஊரில் ஆலைக்கு நிலம் வாங்குவதற்கு முன்பும் மண் எடுப்பதற்கு முன்பும் தரை ஆய்வு செய்யவேண்டும் என்று. அதில் எவர் நிலத்தின் பெயரும் வர வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நாள் இருக்கிறது. ஓடு கிளம்புகிற நிலம் இவர் ஒருவருடையது மட்டுமாக இருக்காது. மற்றவர்களும் இதேபோல வாய் மூடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

"பத்திரம் எப்போ?" என்று கேட்டேன்.

"இப்ப ஆடி இல்லையா அக்கா, ஆடியில யாரும் பதிய மாட்டாங்க. ஆவணி முதல் முகூர்த்தத்துல பாத்துக்கலாம்னாரு புரோக்கரு."

நேற்று இரவு மறுபடியும் ஒரு படம் வந்தது. இந்த முறை கையில் ஓடு இல்லை. வீட்டு வாசலில் மாமனார் உட்கார்ந்து, பேரனின் கணக்கு நோட்டில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். எந்தெந்த நிலத்தில் அவர் சின்ன வயசில் 'பாண்டவ குள்ளு' பார்த்தார் என்று வரைந்து காட்டுகிறாராம். இதுவரை ஏழு வந்திருக்கிறது. அதில் இரண்டின் மேல் பெருக்கல் குறி. கேட்டதற்கு, "அது ரெண்டும் லாரில போயிடுச்சு" என்று பதில் வந்தது.